கடலோர ஊரில் பழைய வீடு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பூம்புகாரிலிருந்து வேதாரண்யம் வரையுள்ள கடலோர ஊர்களில், பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட பின் பூட்டிக் கிடக்கும் திண்ணை வைத்த ஓட்டு வீடுகள் அவ்வப்போது விலைக்கு வருகின்றன. முற்றத்தையும் தேக்குத் தூண்களையும் கண்டதுமே முன்பணம் கொடுக்கக் கை துறுதுறுக்கும். ஆனால் காவிரிப் படுகையில் வீட்டைப் பார்ப்பதற்கு முன் அது நிற்கும் மண் யாருடையது என்று பார்ப்பதே முறை. (இடையிலுள்ள காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது; இங்கே சொல்வது தமிழ்நாட்டு நடைமுறை.)

இப்பகுதியில் கோயில் மனைகளும் மடத்து மனைகளும் ஏராளம். அத்தகைய மனையில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்து, வீட்டு வரியையும் மின்கட்டணத்தையும் தம் பெயரிலேயே கட்டி வரும் குடும்பத்துக்கும் மேலே உள்ள கட்டடம் மட்டுமே சொந்தமாக இருக்கலாம், அடிமனை கோயிலுடையது. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. ஆகவே வரி ரசீதை உரிமைக்குச் சான்றாகக் கொள்ளாமல், பட்டாவும், ஊரின் நிலங்களை உரிமையாளர் பெயரோடு பட்டியலிடும் வருவாய்த் துறையின் அ-பதிவேடும் யார் பெயரைச் சொல்கின்றன என்று பாருங்கள். விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியது, அடிமனை வாடகை ரசீது ஏதும் உண்டா என்பதுதான்.

அடுத்தது வாரிசுகள். தந்தை தாமே சம்பாதித்த வீட்டை உயில் எழுதாமல் விட்டுச் சென்றிருந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாயார் அனைவருக்கும் சமபங்கு உண்டு. “அக்காவுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாகிவிட்டது” என்று தம்பிமார்கள் சொல்வதை நம்பிப் பத்திரம் முடிக்கக் கூடாது; செய்த சீர் பங்கை அழிக்காது. அந்த அக்காவும் கையெழுத்திட வேண்டும், அல்லது தம் பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்தால் அது பெரும்பாலும் 1975-இலிருந்தே தொடங்குவதால், அதற்கு முந்தைய பதிவுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடச் சொல்லி, சொத்தின் பழைய மூல ஆவணமான தாய்ப்பத்திரத்தோடு ஒப்பிடுவது நல்லது.

இனி வீடு. தரங்கம்பாடிப் பக்கம் நான் பார்த்த ஒரு வீட்டில், கூடத்துச் சுவரின் இடுப்பளவு உயரம் வரை மட்டும் புது வண்ணம் பளபளத்தது. “போன பொங்கலுக்குத்தான் அடிச்சோம்” என்றார் வீட்டுப் பெரியவர். கட்டைவிரலால் அழுத்தினேன், வண்ணத்தோடு பூச்சும் அரிசி மாவுபோல் உதிர்ந்து, உள்ளே உப்புப் பூத்த செங்கல் தெரிந்தது. தரையிலிருந்து ஏறும் உப்பீரம் அந்த உயரத்தில்தான் வெளிப்படும். அதை மறைக்கப் பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டு பூசுவது வழக்கமாகிவிட்டது. அது ஈரத்தை உள்ளே அடைத்துச் சுவரை மேலும் கெடுக்கும் என்பதால், பூச்சே இல்லாத சுவரை நான் அதிகம் நம்புவேன். உத்திரங்களை நடுவில் தட்டிப் பார்த்துப் பயனில்லை. சுவருக்குள் நுழையும் முனைகளைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள், கரையானும் ஈரமும் முதலில் தின்பது அங்கேதான். ஓட்டின் ஒழுக்கைக் காண ஐப்பசி மழையிலும், கிணற்று நீரின் உப்பை அறியச் சித்திரை வெயிலிலும் ஒருமுறை போய் வர வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டு முதியவரிடம் கேளுங்கள். சுவரில் கை வைத்தே காட்டுவார். கடல் நீர் ஏற்றத்தின்போது எட்டும் எல்லையான ஏற்றநீர்க் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வீடு இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கிடலாம். பழுதுபார்ப்பது வேறு, இடித்துவிட்டு மாடி எழுப்புவது வேறு என்பதால், உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது உத்தமம்.

முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் விலைக்கு மேல் ஆகும். கிரய ஒப்பந்தம் எழுதும்போது தூண்கள், நிலைக்கதவுகள், ஊஞ்சல், முற்றத்துக் கம்பி ஆகியவற்றை எண்ணிக்கையோடு அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் இடைப்பட்ட மாதங்களில் பழம்பொருள் வியாபாரியின் லாரி வாசலில் வந்து நிற்பதுண்டு.