கூந்தன்குளத்துக்கு ஒரு காலை

அரையாண்டு லீவு விட்டதும் பிள்ளைகளைக் கூந்தன்குளத்துக்குக் கூட்டிப் போங்கள். பறவைகள் சரணாலயம் அது, திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி பக்கம்தான். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேருவது முக்கியம், மார்கழிப் பனிக்குக் காதை மூட ஒரு துண்டு, பைனாகுலர், கோடு போடாத நோட்டு, இவ்வளவு போதும். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தை, தலையில் உள்ள இரண்டு கறுப்புப் பட்டையை வைத்தே சின்னவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வரையும்போது முதலில் உடம்பை முட்டை வடிவமாகப் போடச் சொல்லுங்கள், அப்புறம் கழுத்து, அலகு, கால். வண்ணத்தை வீட்டுக்கு வந்து தீட்டலாம். சத்தம் போடவே விடாதீர்கள், பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது, எனக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல் அவ்வளவு மரியாதை.

மிச்சப் பொழுதுக்குப் பனையோலைக் காற்றாடி: இரண்டு கீற்றைக் குறுக்காக மடித்துப் பின்னி, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, குச்சியில் செருகிக் கொடுங்கள், ஓடட்டும். முள்ளை மட்டும் நீங்களே குத்துங்கள்.