அம்பாசடர் ஸ்டீயரிங் சாய்ந்து நிற்கிறதா? நேராக்கும் முறை

கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் மண்டிகளில் இன்னும் சில அம்பாசடர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வீட்டில் இருப்பது 1977-இல் வாங்கிய மார்க் 3. சில வருடங்களுக்கு முன் அதன் ஸ்டீயரிங் இடது பக்கம் சாய்ந்து நின்றது. ஒரு பட்டறையில் விட்டோம். வீலைக் கழற்றி, ஸ்ப்லைனில் (வீல் உட்காரும் தண்டின் பல் வரிசை) பல் இரண்டு தள்ளி மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். பார்க்க நேராகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பக்கம் ஒடிப்பு குறைவாகவே இருந்தது. முன்பு ஒரே மூச்சில் திரும்பிய மண்டி வாசலில் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது.

கோளாறு வீலில் இல்லை, கீழே டை ராடில் (முன் சக்கரத்தைத் திருப்பும் கம்பி) இருந்தது. புதிதாகப் பழைய கார் வாங்குபவர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்: ஸ்டீயரிங் வீலைக் கழற்றுவது கடைசி வேலை.

முதலில் நான்கு டயரிலும் காற்று சரிபாருங்கள். ஜாக்கி போட்டு முன் சக்கரங்களைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பேரிங்கிலோ டை ராட் எண்டிலோ ஆட்டம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம். பள்ளத்தில் விழுந்த பிறகு திடீரென்று சாய்ந்தது என்றால் ஏதோ ராட் வளைந்திருக்கும். அதை மாற்றத்தான் வேண்டும். தூக்கிய வண்டிக்குக் கீழே சரியான ஸ்டாண்டு வையுங்கள். நம் ஊரில் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு அடியில் படுக்காதீர்கள்.

அடுத்து நடு கண்டுபிடிப்பது. முன்பக்கம் தூக்கியிருக்கும்போதே ஸ்டீயரிங் வீலின் மேல் உச்சியில் ஒரு டேப் ஒட்டுங்கள். இடது கோடி வரை திருப்பி, அங்கிருந்து வலது கோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதில் சரிபாதி திரும்பி வந்தால் அதுதான் ராக்கின் (டை ராடுகளை இடமும் வலமும் தள்ளும் பல் தண்டு) நடு. அங்கே வீலின் கம்பிகள் நேராக நின்றால், வீலை யாரும் மாற்றி மாட்டவில்லை என்று அர்த்தம். (பத்மினி காரில் ராக் இல்லை, அதற்குப் பதில் ஸ்டீயரிங் பாக்ஸ் என்ற பல்சக்கரப் பெட்டி. அதில் நடுப்பகுதியில்தான் ப்ளே, அதாவது வெற்று ஆட்டம், மிகக் குறைவாக இருக்கும்படி அமைத்திருப்பார்கள். அந்த நடுவைப் பிடிக்க ராடுகளைக் கழற்ற வேண்டும், அதனால் முதல் தடவை தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.)

இப்போது வண்டியைச் சமதளத்தில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, ஸ்டீயரிங் நடுவில் இருக்கும்படி நிறுத்துங்கள். கொத்தனார் நூல் எடுத்து, பின் டயரின் இரண்டு ஓரங்களிலும் ஒரே கனமுள்ள மரத்துண்டு வைத்து, அதன் மேல் படும்படி முன் சக்கரத்தைத் தாண்டி இழுத்துக் கட்டுங்கள். நூல் பாடியில் எங்கும் உரசக் கூடாது. நூலுக்கும் முன் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை ரிம்மின் முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் அளந்து எழுதுங்கள். மறு பக்கமும் இதேபோல.

ஓர் உதாரணம். இடது சக்கரத்தில் பின் ஓரத்தைவிட முன் ஓர இடைவெளி 4 மி.மீ. அதிகம், வலதில் 2 மி.மீ. குறைவு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சக்கரமும் வலப்பக்கம் பார்க்கின்றன. அதனால்தான் நேராக ஓட்டும்போது ஸ்டீயரிங் இடப்பக்கம் சாய்கிறது. மொத்த டோ-இன் (சக்கரங்களின் முன் ஓரங்கள் உள்பக்கம் திரும்பியிருக்கும் அளவு) 4 − 2 = 2 மி.மீ. உங்கள் வண்டியின் மேனுவலும் அதையே சொன்னால், இடதை 3 குறைத்து வலதை 3 கூட்ட வேண்டும். இரண்டு பக்கமும் 1 ஆகிவிடும், மொத்தம் மாறாது.

டை ராடில் கை வைக்கும் முன் வெளியே தெரியும் மரையை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். லாக் நட்டில் (டை ராடை நகராமல் பிடிக்கும் நட்டு) முந்தின நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள், பல வருடத் துரு அவசரப்பட்டால் வராது. ராக்கின் ரப்பர் பெல்லோஸ் (மடிப்பு உறை) கிளிப்பைத் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ராடில் சாக்பீஸ் கோடு போட்டு, கால் சுற்று மட்டும் திருப்பி, சக்கரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் எத்தனை சுற்று நீட்டினீர்களோ, மறுபக்கம் அத்தனையே குறையுங்கள். ஒவ்வொரு தடவையும் வண்டியை உருட்டிவிட்டு அளங்கள். மொத்த டோ மாறியிருந்தால் சுற்று எண்ணியதில் பிசகு.

இவ்வளவுக்குப் பிறகும் ராக் நடுவில் இருக்கும்போது வீல் சாய்ந்தே நின்றால் மட்டும், பேட்டரி வயரைக் கழற்றி, புல்லர் போட்டு வீலை எடுத்து, ஸ்ப்லைனில் பல் தள்ளி நேராக மாட்டுங்கள். சுத்தியல் வேண்டாம்.

ஓட்டிப் பார்க்க காவேரிப்பட்டணம் பக்கம் ஆளில்லாத சமமான சாலை போதும். தொப்பூர் கணவாய்ப் பக்கம் போகாதீர்கள், இறக்கத்தில் சோதனை ஓட்டம் கூடாது. மழைநீர் வடிய சாலை இடப்பக்கம் சரிந்திருக்கும், வண்டி லேசாக இடப்பக்கம் போனால் பயப்பட வேண்டாம். சுமார் 100 கி.மீ. ஓடிய பிறகு இரண்டு லாக் நட்டிலும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். சாக்பீஸ் கோட்டை அதுவரை அழிக்காதீர்கள்.