ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்த மூதாதையரைத் தேடுவோருக்கு

காலனிய ஆப்பிரிக்காவில் மிஷனரியாகப் பணியாற்றிய மூதாதையரின் வாழ்வைத் தேடுபவர்கள், அவரை அனுப்பிய சங்கம் எது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஏனெனில் கடிதங்களும் ஆண்டறிக்கைகளும் சங்கவாரியாகவே பாதுகாக்கப்பட்டுள்ளன. சர்ச் மிஷனரி சங்கத்தின் ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், லண்டன் மிஷனரி சங்கத்தினுடையவை லண்டனில் உள்ள சோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்திலும் உள்ளன. முன்னதற்கு 1804 முதல் 1904 வரையிலான மிஷனரிகளின் அச்சிட்ட பதிவேடே இருப்பதால், அதிலிருந்து தொடங்குவது எளிது.

ஆவணங்களில் கோல்டு கோஸ்ட் என்றால் இன்றைய கானா, நியாசாலாந்து என்றால் மலாவி. பழைய பெயரிலேயே தேடுங்கள்.

மங்களூர் ஓட்டுக்குப் பெயர்போன அதே சுவிட்சர்லாந்து மிஷனரி சங்கமான பாசல் மிஷன்தான் 1828 முதல் கோல்டு கோஸ்டிலும் பணியாற்றியது. அதன் கடிதங்கள் பலவும் பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருப்பதாலும், அதில் சிறிய ‘e’ எழுத்து ‘n’ போலவே தோன்றுவதாலும், படிக்கத் தொடங்குமுன் அந்த எழுத்துமுறையைச் சில நாள் பழகிக்கொள்வது அவசியம்.

மனைவியரின் உழைப்பைப் பதிவேடுகள் பெரும்பாலும் விட்டுவிட்டன என்பது வருத்தத்துக்குரியது. கணவரின் கடிதங்களிலும் குழந்தைகளின் ஞானஸ்நானப் பதிவுகளிலும் அவர்களைப் பொறுமையாகத் தேடுங்கள். உடன் உழைத்த ஆப்பிரிக்க உபதேசியார்களின் பெயர்களையும் அப்போதே குறித்துவையுங்கள்.