ஒரு சாக்கெட் போடும் முன் பாண்டிங்கைப் பாருங்கள்

லண்டனில் ஹாரோ, வெம்ப்ளி பக்கம் பழைய வீடுகளில்தான் எனக்கு வேலை அதிகம். சமையலறையில் ஒரு சாக்கெட் கூடுதலாக வேண்டும் என்று கூப்பிடுவார்கள். நான் நேரே சமையலறைக்குப் போவதில்லை. முதலில் கரண்ட் மீட்டர், அப்புறம் கேஸ் மீட்டர், அப்புறம் தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள் ஏறும் இடம். குழாய்களை எர்த்தோடு இணைக்கும் வயர், அதாவது பாண்டிங், சரியா என்று பார்க்கத்தான்.

"தம்பி, ஒரு சொக்கட் போடத்தானே கூப்பிட்டனான்?" என்று அக்காமார் கேட்பார்கள். பிரிட்டனின் வயரிங் விதியான பி.எஸ். 7671 சொல்வது இதுதான்: இருக்கிற வயரிங்கோடு எதையாவது சேர்க்கும் முன், எர்த்தும் பாண்டிங்கும் போதுமானவையா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சின்ன வேலைக்குக் கொடுக்கும் சான்றிதழிலும் அதற்கென்று இடம் உண்டு. பாராமல் அதில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வராது.

கேஸ், தண்ணீர் போன்ற உலோகக் குழாய்களை மெயின் எர்த் டெர்மினலோடு (வீட்டின் எர்த் வயர்கள் வந்து சேரும் இடம்) தடித்த செம்பு வயரால் இணைப்பதே மெயின் பாண்டிங். இங்கே ஏராளமான வீடுகளுக்கு பி.எம்.இ. முறையில் சப்ளை வருகிறது. தெருக் கேபிளின் நியூட்ரலே எர்த்தாகவும் இருக்கும். அந்த நியூட்ரல் தெருவில் அறுந்தால், வீட்டின் கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பாண்டிங் வயர் வழியே குழாயில் இறங்கும். "ஆர்.சி.டி. (கரண்ட் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்) இருக்கிறதே" என்பார்கள். இந்தப் பழுதை அது பிடிக்காது. வயர் தாங்கினால்தான் உண்டு.

அதனால்தான் சாதாரண வீட்டு பி.எம்.இ. இணைப்புக்குக் குறைந்தது 10 சதுர மி.மீ. குறுக்குவெட்டுள்ள செம்பு வயர் கேட்கிறார்கள். பழைய வீடுகளில் 6 சதுர மி.மீ. அடிக்கடி கண்ணில் படும். அளவு உறையிலேயே அச்சாகியிருக்கும். அழிந்திருந்தால் முனையைப் பாருங்கள்: இரண்டிலும் 7 இழைகள்தான், ஆனால் 10-இல் ஓர் இழை 1.35 மி.மீ., 6-இல் 1.04 மி.மீ.

பழைய வயரைக் கழற்றுவதில் அவசரம் கூடாது. மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதில் கரண்ட் ஓடலாம். பக்கத்து வீட்டுக் கரண்ட்கூடக் குழாய் வழியே வந்து சேரும். வயரைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பாருங்கள். கரண்ட் காட்டினால் கை வைக்காதீர்கள், காரணம் தெரியட்டும். காட்டாவிட்டாலும் நான் புது வயரை இழுத்து இணைத்த பிறகுதான் பழையதை எடுப்பேன்.

வயரைக் குழாயோடு பிடிக்கும் கிளாம்பை மாட்டும் இடம்: மீட்டருக்கு நம் பக்கம், முடிந்தால் 600 மி.மீ.க்குள், எந்தக் கிளையும் பிரிவதற்கு முன். கேஸ் மீட்டர் வெளிப்பெட்டியில் இருந்தால், குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில். குழாயில் பெயின்ட் இருந்தால் செம்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிடுங்கள். ஈரமில்லாத இடத்துக்குச் சிவப்புப் பட்டை கிளாம்ப், சிங்க்குக்குக் கீழே மாதிரி ஈரமான இடத்துக்கு நீலம். கேஸிலிருந்து தண்ணீருக்கு ஒரே வயர் போனால் நடுவில் வெட்டக் கூடாது: அந்த இடத்தில் உறையை மட்டும் உரித்து, வயரை மடித்து டெர்மினலுக்குள் விடுங்கள். நாளை யாராவது ஒரு கிளாம்பைக் கழற்றினாலும் அடுத்தது அறுபடாது. 'கழற்றாதே' என்ற எச்சரிக்கைப் பட்டையையும் சேர்த்தே மாட்டிவிடுங்கள்.

தெருவிலிருந்து நீலப் பிளாஸ்டிக் குழாய் வந்தால் தண்ணீருக்குப் பாண்டிங் பெரும்பாலும் தேவைப்படாது. சந்தேகமிருந்தால், சப்ளையை அணைத்து, உள்ளே இருக்கும் செம்புக் குழாய்க்கும் எர்த் டெர்மினலுக்கும் இடையே அளந்து பார்க்கிறோம். 22 கிலோ ஓமுக்கு மேல் இருந்தால் விட்டுவிடலாம். பாய்லர் வழியே கேஸ் குழாயோடு தொடர்பிருந்தால் இந்த அளவு ஏமாற்றும், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முடிந்ததும் சப்ளை அணைந்திருக்கும்போதே ஒரு முனையைக் கழற்றி, நீள வயரோடு லோ ஓம் மீட்டரில் (சிறிய தடையை அளக்கும் கருவி) சோதனை. மீட்டர் வயரின் தடையை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். 10 சதுர மி.மீ. செம்புக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.83 மில்லி ஓம். 10 மீட்டர் ஓடினால் 0.02 ஓம் அளவில் காட்ட வேண்டும். 0.05 தாண்டினால் கிளாம்பைக் கழற்றி மறுபடி தேய்ப்பேன். அப்புறம் கழற்றிய முனையை இறுக்கிய பிறகே மெயின் சுவிட்ச் மேலே போகும்.

மீட்டருக்குப் பக்கத்தில் சீல் வைத்த ஃபியூஸ் பெட்டி நம்முடையதல்ல. எர்த் டெர்மினலே கிடைக்காத வீட்டில் சாக்கெட் வேலையை நிறுத்திவிட்டு, அந்தப் பகுதியின் மின் விநியோக நிறுவனத்தைக் கூப்பிடச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயையே எர்த்தாக வைத்துக்கொள்ள விதி இடம் தரவில்லை.