குழுவாகப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குச் சேர்ந்து படிப்பவர்களிடம் அதிகம் காணப்படும் தவறு, ஒருவர் பாடநூலை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதுதான். கேட்கும்போது எல்லாம் தெரிந்ததைப் போலவே இருக்கும். ஆனால் தேர்வறையில் மூன்று மணி நேரத்தில் 200 வினாக்களுக்கும் அவரவர் நினைவிலிருந்தே விடையைத் தேடியெடுத்தாக வேண்டும். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இருமுறை வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் சற்று முந்தினார்கள். ஒரு வாரத்துக்குப் பின் அவர்களுக்கு 42 விழுக்காடும், ஒருமுறை வாசித்துவிட்டுப் பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடும் நினைவில் நின்றன.

கேள்வி கேட்டுப் பழகும் குழுக்களிலும் எளிதில் கண்ணில் படாத ஒரு பிழை உண்டு. வேகமானவர் விடையைச் சொன்ன கணமே மற்றவர்களின் தேடல் நின்றுவிடுகிறது. எனவே அனைவரும் முதலில் பேசாமல் தாளில் எழுதி, பிறகே ஒப்பிட வேண்டும். நீதிக்கட்சி தொடங்கிய ஆண்டை ஒருவர் 1916 என்றும் மற்றொருவர் 1920 என்றும் எழுதியிருந்தால், சரியான விடையை மட்டும் சொல்லி அடுத்த வினாவுக்குத் தாவிவிடக் கூடாது. 1920 அக்கட்சி சென்னை மாகாணத் தேர்தலில் வென்ற ஆண்டு. குழப்பம் எங்கே பிறந்தது என்று பேசித் தெளியும்போது இரண்டு ஆண்டுகளும் சேர்ந்தே மனத்தில் பதிகின்றன. குழுவாகப் படிப்பதன் உண்மையான பயன் இந்த உரையாடல்தான் என்பது என் உறுதியான கருத்து.

பாடத்திட்டத்தைப் பங்கு பிரித்துக்கொண்டு பிறர் எழுதிய குறிப்புகளை மட்டும் நம்புவதும் ஆபத்தானது. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு மதிப்பெண் பெறாதவரின் பிற விடைகள் மதிப்பிடப்படுவதே இல்லை என்பதால், அதைத் தமிழில் வல்ல நண்பரின் பொறுப்பில் விட முடியாது. கூட்டுவட்டிக் கணக்கும் அப்படித்தான்: ஒருவர் போடுவதைப் பார்த்தால் புரியும், தானே போட்டால்தான் வரும்.

பத்துப் பேர் கூடினால் பாதிப் பேர் வெறும் பார்வையாளர்களாகிவிடுவார்கள்; நான்கைந்து பேர் போதும்.

தவறாகச் சொன்னவரைக் கேலி செய்வதை மட்டும் எந்தக் குழுவும் அனுமதிக்கவே கூடாது. ஒருமுறை கூசிப்போனவர் அடுத்த வாரம் தெரியாததையும் தெரிந்ததுபோல் தலையாட்டத் தொடங்குவார். அதன்பின் அவருக்கு எது புரியவில்லை என்பது மற்றவர்களுக்குத் தெரியவே வராது.