பெர்லினில் மாணவர் காசில் ஊர் சுற்ற

படிக்க வந்த முதல் மாதம் சுற்றுலா பஸ்ஸுக்குத் தண்டம் அழுதேன். நீங்கள் அழாதீர்கள். செமஸ்டர் டிக்கெட்டோடு (மாணவர்களுக்கான பயணச்சீட்டு) ட்சோ (விலங்கியல் பூங்கா) ரயில் நிலையத்துக்கு வெளியே 100-ஆம் எண் பஸ்ஸில் ஏறுங்கள். மாடி பஸ் வந்தால் மேலே முன்சீட்டைப் பிடித்துவிட வேண்டும், குழந்தைகளோடு போட்டி போட்டாவது. வெற்றித் தூண், நாடாளுமன்றம், அருங்காட்சியகத் தீவு எல்லாம் வழியிலேயே வரும்.

நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். நான் மறந்து, வாசலோடு திரும்பினேன். டிசம்பர் என்றால் மாலை நான்குக்குப் பதியுங்கள். அப்போதே இருட்டத் தொடங்கி, கீழே விளக்குகள் தெரியும்.

அப்புறம் பெர்லின் சுவர். அதில் மிஞ்சிய ஒரு பகுதியான ஈஸ்ட் சைட் கேலரியில் 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓவியம். காலையிலேயே போங்கள், கையுறையோடு. ஆற்றங்கரைக் காற்று விரலைக் கடிக்கும்.