யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குச் சைக்கிளில்

நல்லூர்த் திருவிழாவுக்கு ஓகஸ்டில் ஊருக்குப் போகிறவர்களில் சிலருக்கு, போன கையோடு ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு வன்னிப் பக்கம் போய்வர ஆசை வரும். எனக்கும் என் கூட்டாளிக்கும் அப்படித்தான் வந்தது. பூநகரி வழியாக மன்னாருக்குப் போகும் ஏ-32 வீதியைத் தேர்ந்தெடுத்தோம். மொத்தம் 110, 120 கிலோமீற்றர் வரும். மேடு பள்ளம் இல்லாத தட்டை நிலம். விடிய வெளிக்கிட்டால் பொழுதுபட மன்னார் என்று கணக்குப் போட்டோம்.

சங்குப்பிட்டிப் பாலத்திலேயே கணக்குப் பிழைத்துவிட்டது. சோளகக் காற்று முகத்தில் அடிக்க, நடந்து போகிற ஆளை முந்துவதே பெரும்பாடாக இருந்தது. பூநகரித் தேத்தண்ணிக் கடையில் ஒரு ஐயா எங்களை மேலும் கீழும் பார்த்தார். "தம்பியவை, சோளகத்துக்கு எதிராவோ போறியள்? பஸ்ஸில மன்னாருக்குப் போய் அங்கயிருந்து இஞ்சால ஓடியிருக்கலாமே!"

அதனால் விசா, ரிக்கெற் எல்லாவற்றுக்கும் முதல் காற்றைக் கவனியுங்கள். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். அந்த மாதங்களில் மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓடுங்கள். மார்கழி, தை, மாசியில் வடகிழக்கிலிருந்து வாடை வரும். அப்போது யாழ்ப்பாணத்தில் தொடங்கினால் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுவது போல இருக்கும். மன்னார்த் தீவில் 2020இல் 30 பெரிய காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள் என்றால், காற்று எப்படியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறை தடுக்காவிட்டால், தை நடுப்பகுதியிலிருந்து மாசி கடைசி வரைதான் என் தெரிவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்ந்த காலபோக நெல் அப்போது விளைந்து நிற்கும். பூநகரி வயல்களில் பெரும்பகுதி மழையை நம்பியவை; மொட்டைக்கறுப்பன் என்ற சிவப்பு நெல்லுக்குப் பேர்போன மண். ஓகஸ்டில் அதே வயல்கள் வெடித்துக் காய்ந்து கிடக்கும். குளத்துத் தண்ணீர் பாயும் இடங்களில் மட்டும் சிறுபோகப் பச்சை தெரியும். தைப்பூசத்தை ஒட்டிப் போனால் புதிர் எடுக்கிற, அதாவது புது நெல்லை முதன்முதலாகச் சமைக்கிற, வீடுகளில் புது அரிசிச் சோறு கிடைக்கவும் கூடும்.

அறுவடைக் காலத்தில் இன்னொன்று. வீதியின் ஒரு பக்கத்தில் நீளத்துக்கு நெல் காயப்போட்டிருப்பார்கள். தப்பித் தவறியும் அதன் மேல் ஓடாதீர்கள். இறங்கி உருட்டிக்கொண்டு போனால், நெல்லுக்குக் காவல் இருக்கிற அம்மா "எந்த ஊர்ப் பிள்ளையள்?" என்று தானாகவே கதைக்கத் தொடங்குவார். அங்கே அரை மணித்தியாலம் போய்விடும், போகட்டும். தேத்தண்ணிக்குக் காசு நீட்ட வேண்டாம், கோபம் வரும். வீட்டில் விற்பதற்கு எள்ளோ உழுந்தோ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். யுத்தத்தைப் பற்றி நீங்களாகத் தொடங்காதீர்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவர்களே சொல்வார்கள்.

சைக்கிள் விஷயத்தில் கூட்டாளி செய்த பிழையைச் சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டிலிருந்து மெல்லிய ரயர் பூட்டிய ரேஸ் சைக்கிளை விமானத்தில் கட்டிக்கொண்டு வந்தான். முழங்காவிலுக்கு முன்னால் காற்றுப் போனது. ஒட்டுப்போடுகிற கடையைக் கண்டுபிடித்தோம், ஆனால் கடைக்காரரின் பம் அந்த ஊசி வால்வில் பொருந்தவில்லை. அந்த அளவு ரியூப்பும் அங்கே இல்லை. என்னுடையது யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு எடுத்த பழைய லுமாலா. பாரம்தான், ஆனால் எந்தச் சந்தியிலும் அதற்குச் சாமான் உண்டு. கரியர் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். முதுகில் பையைச் சுமந்தால் பத்து மணி வெயிலுக்கே தோள் கழன்றுவிடும்.

வீதியை விட்டு இறங்காதீர்கள். ஒன்றுக்குப் போவதற்குக்கூடப் பற்றைக்குள் நுழைய வேண்டாம். மிதிவெடி அகற்றும் வேலை வடக்கில் 2009க்குப் பிறகு எத்தனையோ வருடங்களாக நடந்து வருகிறது. மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் அந்தப் பக்கம் காலே வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும், ஊர்ச்சனம் நடந்து தேய்ந்த பாதை இருந்தால் மட்டும் போங்கள். இராணுவ முகாம்களைப் படம் எடுக்கக் கூடாது. பொழுதுபட்ட பின் ஓடவே வேண்டாம், அதிலும் மடுப் பக்கம் காட்டு வீதியில் யானை இறங்கும்.

இரண்டு நாளாகப் பிரித்தால் உடம்பு தாங்கும். வெளிச்சம் வந்ததும் கிளம்பி, பத்தரை மணிக்குள் அன்றைய தூரத்தில் பாதியை முடித்துவிட்டு, மூன்றரை மணி வரை நிழலில் இருங்கள். கேரதீவுக்கு முன்னால் தனங்கிளப்புக் கடல்நீரேரியில் தை மாசியில் பூநாரைகள் நிற்கும். அங்கே மட்டும் காலை வேளையில் நேரம் செலவழிக்கலாம். முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை என்று போகும் நடுப்பகுதியில் விடுதியை நம்பிப் போகாதீர்கள். யாழ்ப்பாணத்தில் நாலு பேரிடம் விசாரித்து, இரவு தங்க ஒரு வீட்டை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். கடைகளும் தூரத் தூரத்தான். கரையோரக் கிணறுகள் பல உவர் என்பதால் ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் வேண்டும். பாமசியில் ஜீவனிப் பக்கெற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) நாலைந்து வாங்கிப் பையில் போடுங்கள். காசையும் யாழ்ப்பாணத்திலேயே எடுத்துவிடுங்கள்.

மன்னாருக்குக் கிட்ட வரும்போது திருக்கேதீஸ்வரம் வரும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். கோயில் தீர்த்தமான பாலாவியில் கால் நனைத்தால் அன்றைய களைப்பில் பாதி போய்விடும். இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் தீவுக்குள் போகாமல் உயிலங்குளம், முருங்கன் பக்கம் திரும்புங்கள். அருவியாற்றைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். அந்தக் குளத்தின் கீழே கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்தான். என்னைக் கேட்டால் மொத்தப் பயணத்திலும் அழகான பகுதி அதுதான். வாய்க்கால் கட்டோடு ஓடுகிற பாதைகளைக் கூகிள் வரைபடத்தில் தேடாதீர்கள், மாடு சாய்த்துக்கொண்டு வருகிறவரைக் கேளுங்கள்.

தீவுக்குள் போவதானால் பாலத்துக்கு ஏறுமுன் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். சோளகக் காலத்தில் அங்கே காற்று பக்கவாட்டில் அடிக்கும். என்னுடைய தொப்பி கடலுக்குள் போனது அங்கேதான். அக்கரையில் வீதியை மறித்து நிற்கும் கழுதைகளுக்கு மணி அடித்துப் பிரயோசனம் இல்லை, அவை விலகாது.